நீ என்ன கொடுத்தே?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோதே, "ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க, அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க" என்று எச்சரித்துவிட்டார்கள். எனவே சாம்பாரை அந்த நால்வருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, எங்கள் நாளில் வரலாற்றுத் துறையில் நடந்துவந்த ஒருநாள் பயணங்களைப் பற்றி எழுதுகிறேன். கொடைக்கானல், கன்னியாகுமரி என்று போகிற இன்பச் சுற்றுலா அல்ல இது. காலையில் மதுரையில் டவுன் பஸ் ஏறி, பக்கத்தில் இருக்கிற ஒரு மலையைப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்திற்குள் திரும்பிவிடுகிற பயணம். செலவு, பஸ் டிக்கெட்டும் கட்டுச்சோறும்தான்.

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் திருப்பரங்குன்றம், அழகர்கோவில் என்ற இரண்டுதான் உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் அரைமணி, முக்கால்மணி நேரம் போனாலும் ஒரு குன்று நிற்கும். அதில் ஒரு குகை இருக்கும்; குகைக்குள் வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகள் இருக்கும். ஊர்க்காரர்களைக் கேட்டால் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். உண்மையில் அவை சமணத் துறவிகள் தங்கிய இடங்கள். மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளை 'எண்பெருங்குன்றம்' என்றே பழைய மரபு குறிப்பிடுகிறது. எட்டையும் பட்டம் வாங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் பிடிவாதம். எனக்கு ஐந்துதான் வாய்த்தது.

சமணர் மலையில் ஒரு நாள்

1978-ஆம் ஆண்டு. நான் இரண்டாம் ஆண்டு மாணவன். முதல் பயணம் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு. நாகமலைப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பும் வண்டிப்பாதையுமாக நடந்தோம். மலையடிவாரத்தில் ஐயனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். அந்தக் குளத்தைப் பார்த்தவுடனேயே பாதிப் பேருக்கு வரலாறு மறந்துவிட்டது.

முதலில் செட்டிப்புடவுக்குப் போனோம். 'புடவு' என்றால் குகை. வாயிலருகே பெரிய உருவமாக ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதும் அமைதியான முகமுமாக இருக்கும் அவரை ஊர் மக்கள் 'செட்டியார்' என்று சொல்ல, குகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால், சிங்கத்தின் மேல் ஏறி, யானைமேல் வருபவனோடு போர் செய்யும் ஒரு பெண் தெய்வம். சமண மலையில் சண்டையா என்று நாங்கள் வியந்தோம். "இயக்கி என்பவள் காவல் தெய்வம்ப்பா. காவல்காரின்னா சண்டை போடத்தானே வேணும்" என்றார் பேராசிரியர்.

அடுத்து பேச்சிப்பள்ளம். பாறையிடுக்கில் ஒரு சுனை. அதற்கு மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர், பாகுபலி முதலியோரின் புடைப்புச் சிற்பங்கள். ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் சில வரிகள். காலம் ஏறத்தாழ ஆயிரம், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன். இப்போது போல அன்று ஏறுவதற்குப் படிகள் கிடையாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் ஏறினோம்.

மற்றவர்கள் சுனையருகே உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வழியில் பொறுக்கிய லாடத் துண்டு ஒன்று கையில் இருந்தது. சிற்ப வரிசைக்குச் சற்றுத் தள்ளிய பாறையில், என் பெயரையும் பக்கத்தில் 78 என்றும் தட்டித் தட்டி வெட்டினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டிதான் முதலில் பார்த்தார். "ஏப்பா, ஆரு வீட்டுச் செவுத்துல ஆரு கிறுக்குறது? பேச்சி பாத்துக்கிட்டுல்ல இருக்கா!" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேராசிரியர் எழுந்து வந்தார். அடிப்பார், இல்லையென்றால் நாளைக்கு முதல்வர் அறைக்கு வரச் சொல்வார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்து அந்தச் சிற்பங்களுக்கு முன்னால் நிறுத்தினார். ஒவ்வொரு கல்வெட்டாகக் காட்டிச் சொன்னார்: "இது அச்சணந்தி என்கிற துறவியோட அம்மா குணமதியார் செய்து வச்ச திருமேனி. இது குறண்டித் திருக்காட்டாம்பள்ளியில படிச்ச மாணாக்கர் செய்து வச்சது. இங்கே பேர் எழுதினவங்க எல்லாரும் ஏதோ ஒண்ணைக் கொடுத்துட்டுத்தான் பேர் எழுதியிருக்காங்க. உன் பேரும் இருக்கு. நீ என்ன கொடுத்தே?"

எனக்குப் பதில் இல்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று புளியோதரை தொண்டையில் இறங்கவில்லை.

பெயர் எழுதியவர்கள்

அந்தக் கேள்வி காதில் இருந்ததால், பிறகு போன ஒவ்வொரு மலையிலும் நான் முதலில் தேடியது, யார் என்ன கொடுத்தார் என்பதைத்தான்.

செக்கானூரணிப் பக்கம் கொங்கர்புளியங்குளம் குகையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. குகை முகப்பில் நெற்றிப்பட்டம் போல ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தடுக்கப்பட்டு, உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். துறவிகள் நனையாமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாட்டை ஒட்டித்தான் பல குகைகளில் கல்வெட்டும் இருக்கிறது. எழுத்து தமிழி, தமிழ்பிராமி என்றும் சொல்வார்கள். இங்கே ஒரு கல்வெட்டு, குகைக்கு முன்னால் கூரை போட்டுக் கொடுத்த ஓர் அடியாரின் பெயரைச் சொல்கிறது. கூரை ஓலை என்றைக்கோ மக்கிப்போயிற்று. கொடுத்தவர் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

அழகர்மலைத் தொடரில் கிடாரிப்பட்டிக்கு மேலே உள்ள குகைக்குப் போனால், ஒரு கடைத்தெருவே கல்லில் இருக்கிறது. பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், கொழு விற்றவர், துணி விற்ற அறுவை வணிகர் என்று வரிசையாகப் பெயர்கள். பொற்கொல்லரும் உப்பு வணிகரும் மதுரைக்காரர்கள். ஊர்ப்பெயர் 'மதிரை', 'மத்திரை' என்று வெட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரின் பெயரைப் பாறையில் அவ்வளவு பழைய எழுத்தில் பார்த்தபோது, எங்கள் வகுப்பில் வழக்கமாகத் தூங்குகிற நண்பர்கூட விழித்துக்கொண்டார்.

மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்தில் இருக்கிறது மாங்குளம் கல்வெட்டு. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முந்தையது. கணி நந்தன் என்ற துறவிக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி உறைவிடம் செய்து கொடுத்த செய்தியும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் கொடுத்த கொடையும் அதில் உள்ளன. கீழவளவில் தொண்டியிலிருந்து வந்தவர் பள்ளி கொடுத்திருக்கிறார். அரிட்டாபட்டியில் நெல்வேலிக்காரர் ஒருவர் குகையைக் குடைவித்துக் கொடுத்திருக்கிறார். எங்கெங்கோ இருந்தவர்கள் இந்தக் குன்றுகளுக்கு வந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒத்தக்கடை யானைமலைக்கு வருவோம். படுத்திருக்கும் யானை போன்ற அந்த மலையடியில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மந்திரி மாறன் காரி குடைவித்தது. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. கோயில் முடிந்து குடமுழுக்கு நடப்பதற்குள் மாறன் காரி இறந்துபோனார். அவருக்குப் பின் மந்திரியான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து, வேலையை முடித்து வைத்தார். தம்பி நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அண்ணன் செய்தது இது, நான் செய்தது இது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

படிக்க வைத்தவர்கள்

இந்த எழுத்துகளைப் படித்த கதையும் சுவையானதுதான். மாங்குளம் கல்வெட்டை 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். கண்டார்களே தவிர, படிக்க முடியவில்லை. எழுத்து பிராமி போல இருந்ததால், மொழியும் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணினார்கள். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான், இது தமிழ் என்று எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன போன்ற தமிழுக்கே உரிய ஒலிகளுக்குத் தனி எழுத்து இருப்பதைக் காட்டிய பிறகு கதவு திறந்தது. 1960-களில் ஐராவதம் மகாதேவன் குகை குகையாக ஏறி இறங்கிப் படியெடுத்தார். நெடுஞ்செழியன் பெயர் படிக்கப்பட்டது அப்போதுதான். நாங்கள் மலையேறிய 1978-ல் அந்தச் செய்தி இன்னும் புதிது. பேராசிரியர் சைக்ளோஸ்டைல் தாளில் எழுத்து வரிசையை அச்சடித்துக் கொடுத்து, "பார்த்துப் படிங்கடா, உங்க தாத்தாவோட கையெழுத்து" என்பார்.

அவர் இருந்து பார்த்திருக்க வேண்டியது கீழடி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2015-ல் அகழாய்வு தொடங்கியது. 2019-ல் வெளியான அறிக்கை, அங்கே கிடைத்த பொருள்களின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோயிற்று. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளைப் பார்க்கலாம். ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறார்கள். அவரவர் பானையில் அவரவர் பெயர். அதில் தவறே இல்லை. தன் பொருளில் எழுதலாம். தான் கொடுத்த பொருளில் எழுதலாம். நான் எழுதியது இரண்டிலும் சேராது.

மலை கல்லான கதை

நண்பர்களே, படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு, மற்றவர்களைப் போல நானும் இந்தக் குன்றுகளை மறந்துபோனேன். நாம் மறந்திருந்த அந்த ஆண்டுகளில் மறக்காமல் அங்கே போனவர்கள் கல் வெட்டுகிறவர்கள்தான்.

மேலூர் வட்டாரத்துக் கிரானைட்டுக்கு உலகமெங்கும் கிராக்கி. ஒரு குன்றைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றினால், சில ஆண்டுகளில் குன்று இருந்த இடத்தில் பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் மிஞ்சும். கீழவளவுப் பக்கம் போனவர்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். 2012-ல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கைக்குப் பிறகுதான் முறைகேட்டின் அளவு நாட்டுக்குத் தெரிந்தது. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமிக்க, 2015 நவம்பரில் அவர் விரிவான அறிக்கை அளித்தார். அறிக்கை வந்தது, போன குன்று வரவில்லை. கோயில் இடிந்தால் திருப்பிக் கட்டலாம், ஏரி தூர்ந்தால் வெட்டலாம். மலையைக் கட்ட ஆளில்லை.

ஆனால் எல்லா மலையும் போய்விடவில்லை. யானைமலைக்கு ஆபத்து வந்தபோது நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் எழுந்து நின்றார்கள். அந்தச் சூழ்நிலையில்தான் 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' இயக்கத்தைத் தொடங்கினார். விடுமுறை நாள் காலையில் குடும்பம் குடும்பமாக ஒரு மலைக்குப் போவது, அங்கேயே உட்கார்ந்து தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் சொல்வதைக் கேட்பது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எங்கள் பேராசிரியர் செய்ததும் இதைத்தானே!

அரிட்டாபட்டியின் கதை உங்களுக்கும் நினைவிருக்கும். ஏழு குன்றுகள், சுனைகள், ஏரிகள், வல்லூறு முதலிய பறவைகள், தமிழிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், பாண்டியர் குடைவரைக் கோயில், எல்லாம் ஒரே ஊரில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டுகளில், 2024 நவம்பரில், இதே பகுதியையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரையை நோக்கிப் புறப்பட்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தக் கூட்டத்தில் வயதான தாய்மார்கள் பலரைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தேன். எனக்குப் பேச்சிப்பள்ளத்துப் பாட்டி நினைவுதான் வந்தது. கல்வெட்டு வாசகம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றும், இயக்கியைப் பேச்சி என்றும் சொல்லலாம். ஆனால் இந்த மலை நம்முடையது, இதில் கை வைக்கக் கூடாது என்பது தெரியும். படித்த எனக்கு அன்று அது தெரியவில்லை.

மறுபடியும் அந்தப் பாறை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தனியாகச் சமணர் மலைக்குப் போனேன். படியேறிப் பேச்சிப்பள்ளத்தை அடைந்ததும் கால் தானாக அந்தப் பாறைக்குத்தான் போயிற்று. இருந்தது. என் பெயரும், 78-உம். அதைச் சுற்றி இன்னும் எத்தனையோ பெயர்கள். சிலது வெட்டியவை, சிலது பெயின்ட் அடித்தவை, அம்பு பாய்ந்த இதயங்கள் வேறு. முதல் பெயரை எழுதியவன் நானாகவே இருக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

விவரம் தெரிந்த ஒருவரிடம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், தேய்ச்சா பாறைக்கு இன்னொரு காயம். நீங்க பாட்டுக்கு விட்டுடுங்க" என்றார். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்று இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனக்கு எவரும் தண்டனை கொடுக்கவில்லை. பேராசிரியர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் கட்டடத்துக்கும், உதவித்தொகைக்கும் நிறையச் செய்கிறது, மகிழ்ச்சி. அதோடு ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களை, எந்தத் துறையாக இருந்தாலும், ஒருநாள் ஒரு மலைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று ஆண்டுக்கு பஸ் செலவு என்னுடையது. வழியும் சொல்லிவிடுகிறேன். மேற்கே போனால் சமணர் மலை, கொங்கர்புளியங்குளம். வடகிழக்கே போனால் யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு. தெற்கே போனால் காலையில் திருப்பரங்குன்றம், வெயிலுக்குக் கீழடி அருங்காட்சியகம். ஒவ்வொன்றும் ஒரு நாளில் முடியும்.

வெயில் ஏறுமுன் மலையேறிவிடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எழுத்து தெரியவில்லையென்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் யாராவது எதிர்ப்பட்டால், "பாட்டி, இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கும்.

பேச்சிப்பள்ளத்தில் சிற்ப வரிசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெயரும் 78 என்ற எண்ணும் தெரிந்தால், மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். யார் என்று கேட்டால், நம்ம காலேஜ்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

வாழ்க நம் கல்லூரி. மலையில் சந்திப்போம்.